பூட்டியின் கலியாணக் கேக்

நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், நெருங்கினால் போதும், எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு நோய் வந்துவிடும். அந்தக் காலத்து நத்தாரைப் போல வருமா என்று ஆரம்பிப்பார்கள். கொட்டாஞ்சேனைத் தெருவெல்லாம் நட்சத்திரக் கூடு, கோயில் மணி, புதுச் சட்டையின் கஞ்சி வாசம், வீட்டில் சுட்ட கேக் என்று ஆளுக்கொரு மூட்டையை அவிழ்ப்பார்கள். போன மாதம் பழைய பள்ளித் தோழிகள் கூடியபோதும் இதே பாட்டுத்தான். என் முறை வந்ததும் ஒருத்தி, "உங்கட வீட்டுக் கேக் பேர்போனதெல்லோ, அதைச் சொல்லன்" என்றாள். சொன்னால் உங்கள் பசி கெட்டுவிடும் என்று சிரித்துத் தப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு ஏன் தப்பினேன் என்று எரிச்சல் வந்தது. அதனால் எழுதுகிறேன். பசி கெட்டால் கெடட்டும்.

எங்கள் அப்பாவின் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வருடமும் நத்தார்க் கேக்கில் ஒரு துண்டை எடுத்துப் பிராந்தியில் ஊறவைத்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, ஒரு டின்னில் போட்டு வைப்பார்கள். அடுத்த வருடம் கேக் குழைக்கும்போது அந்தப் பழைய துண்டை உதிர்த்துப் புது மாவில் கலப்பார்கள். அந்தப் புதுக் கேக்கில் ஒரு துண்டு மறுபடி டின்னுக்குப் போகும். முதன்முதல் டின்னுக்குள் போனது அப்பாவின் பாட்டி, அதாவது எங்கள் பூட்டி, தன் கலியாணத்தன்று வெட்டிய கேக். ஆகவே நாங்கள் தின்னும் ஒவ்வொரு நத்தார்க் கேக்கிலும் பூட்டியின் கலியாணக் கேக் கொஞ்சம் இருக்கிறதாம். டின்னில் கிடக்கும் துண்டுக்குப் பெயரே பூட்டித் துண்டு.

இத்தனை வருடம் கரைந்து கரைந்து பூட்டியின் பங்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் ஒருமுறை பெரியப்பாவிடம் கேட்டேன். பெரியப்பா துறைமுகத்தில் தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். காலையில் பேப்பரில் உள்ள பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுத்தான் தேத்தண்ணியைத் தொடுவார். அப்படிப்பட்டவர், "விசுவாசத்துக்குக் கணக்குப் பாக்கக்கூடாது" என்று சொல்லி என் காதைத் திருகினார்.

டின்னைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பிஸ்கட் டின். மூடியில் யாரோ ஓர் அரசர் குதிரை வண்டியில் முடிசூடப் போகிறார். அவர் முகம் இருந்த இடத்தைத் துரு தின்றுவிட்டது, குதிரைகள் மட்டும் பளபளவென்று இருந்தன. துண்டை உள்ளே வைத்ததும் மூடியைச் சுற்றி வெள்ளைத் துணிப் பட்டி கட்டி, அதன்மேல் பாஸ்கா மெழுகுதிரியின் மெழுகை உருக்கி ஊற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு குழைக்கும் நாளில், எல்லாரும் கூடியிருக்கும்போது, குடும்பத்தில் மூத்தவர் கையால்தான் திறக்கவேண்டும். இடையில் யாரும் திறந்ததில்லை, திறக்கவும் கூடாது.

எங்கள் காலத்தில் மூத்தவர் மாமி. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அக்கா. கலியாணம் முடித்து நகரத்தின் மறுபக்கம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தார். டின்னும் அங்கேதான் இருக்கும். தமிழர் வீடுகளை எரித்த கலவரத்தில் வீட்டைவிட்டு ஓடியபோது மாமி கையில் எடுத்துக்கொண்டு ஓடியது இந்த டின்னைத்தான். புருசனின் மருந்துப் பை மேசையிலேயே கிடந்ததாம், அகதி முகாமில் அந்த மனுசன் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தாராம். இந்தக் கதையை மாமி ஒவ்வொரு வருடமும் சொல்வார், அதுவும் பெருமையாக. கேட்பவர்கள் டின்னைப் பார்த்து நெகிழ்வார்கள். பக்கத்திலேயே மாமியின் புருசன் இருந்து தலையாட்டுவார்.

கேக் குழைப்பது திருவருகைக் காலத்தின் முதல் சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில். பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். காலையிலிருந்தே வீடு மணக்கும். சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி, முந்திரிக் கஜு, பிளம்ஸ், வறுத்த ரவை, பன்னீர், சாதிக்காய். நீள மேசையைச் சுற்றியிருந்து எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டுவார்கள். வெட்டுவதும் குழைப்பதும் அந்த இரத்தத்தில் பிறந்தவர்கள் மட்டும். வந்த மருமகள்மார் முட்டை உடைக்கலாம், தட்டுக் கழுவலாம், அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

வந்த மருமகள் என்றால் முக்கியமாக என் அம்மா. பெரியம்மாவுக்கு எந்நேரமும் இடுப்பு வலி. அம்மா மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்தவர், சைவம். அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தார். அதனாலெல்லாம் அந்த வீட்டுக் கண்ணில் அம்மா வேதக்காரியாகவில்லை. "தோட்டக்காட்டுக் கை மாவில படக்கூடாது" என்று மாமி சிரித்துக்கொண்டே சொல்வார், ஏதோ செல்லம் கொஞ்சுகிற மாதிரி. அடுப்பில் அந்தக் கை படலாம். பகல் முழுக்க வெக்கையில் நின்று, தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, ஈர்க்குக் குத்திப் பார்த்து அந்தக் கேக்கை வேகவைத்தது அம்மாதான். ஊரில் பெயர் வாங்கியது பூட்டி.

எங்கள் தெரு முனையில் ஒரு முஸ்லிம் நானாவின் பேக்கரி இருந்தது. பின்னேரம் பாண் வேகும் வாசம் காற்றில் வந்தால் சிறுவர்களாகிய நாங்கள் மதில்மேல் ஏறிவிடுவோம். கண்ணாடி அலுமாரியில் துண்டு கேக் வரிசையாக இருக்கும். நத்தார் மாதத்தில் மட்டும் பிளம்ஸ் போட்ட கறுப்புக் கேக்கும் வைப்பார்கள். எங்களுக்கு அது கிட்டாது. "கடைக் கேக்கை மனுசர் தின்பினமே? என்ட கண்ணைக் கட்டிவிட்டாலும் மணத்திலேயே கண்டுபிடிச்சிடுவன்" என்பார் மாமி. இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லவந்த வருடத்தில் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. எந்த வருடம் என்று கேட்காதீர்கள், அப்போது எல்லா வருடமும் ஒன்றுபோலத்தான். காலி வீதி நெடுக மணல்மூட்டை, தடை, துவக்கோடு சிப்பாய்ப் பொடியன்கள். தமிழ் இளைஞன் ஒருவன் பாண் வாங்கப் போனால் வீட்டிலுள்ளவர்கள் வாசலில் நிற்பார்கள். வேறு வருடங்களில் டின்னைத் தூக்கிக்கொண்டு மாமியோடு வருவது மாமியின் மூத்த மகன். அந்த வருடம் அவனையும் தம்பியையும் யன்னல் சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பெரியப்பா தொலைபேசியில் மாமியோடு நெடுநேரம் கதைத்துவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "எங்கட பெடியன்களை இந்த நேரம் வெளிய விடுறது புத்தியில்லை. உம்மட தம்பியைப் போகச் சொல்லும்."

அம்மாவின் தம்பி, என் மாமா, புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தார். ஜிந்துப்பிட்டியில் மாடி அறை ஒன்றில் வேறு கடைப் பொடியன்களோடு தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பால் டொபி கொண்டுவருவார். வீட்டுக்குள் வரமாட்டார், பின்வளவில் அம்மாவோடு கதைத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டு வானொலியில் ஒரு பாட்டின் முதல் இழுப்பு வந்ததுமே அது என்ன படம், யார் பாடினது என்று சொல்லிவிடுவார். ஒருநாளும் பிழை விட்டதில்லை. அவரைப் போலக் காது உள்ள ஒருவரை நான் பிறகு பார்க்கவில்லை.

"அவனுக்கு அடையாள அட்டை இன்னும் வரேல்லையே. முதலாளி குடுத்த கடிதம் ஒண்டுதான் இருக்கு" என்றார் அம்மா.

"அக்கா கூட வாறாவே. மூத்த பொம்பிளை பக்கத்தில இருந்தால் ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

இதைச் சொன்னவர் நாற்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அடையாள அட்டை உள்ள தன் மருமக்களை அனுப்பப் பயம், அட்டையில்லாத ஒருவனை அனுப்பப் பயமில்லை. அப்பா மூலையில் இருந்து பீங்கான் தட்டில் சிகரெட் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தார். "பாப்பம்" என்றார் அப்பா. பாப்பம் என்பதற்கு மேலே அந்த மனிதர் தன் ஆயுளில் எதையும் சொல்லிக் கேட்டதில்லை.

மாமா உடனே ஒப்புக்கொண்டார். பின்வளவில் வைத்து அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "கொண்டாந்து குடுத்துர்றேன்க்கா. அப்பறமாச்சும் ஒங்கள அந்த மாவத் தொட விடுவாங்கள்ல?" அம்மா எங்கள் வீட்டாரோடு அவர்களுடைய தமிழ் பேசுவார், தம்பியோடு மட்டும் தன் தமிழ். "அந்த மாவு எனக்கெதுக்குடா" என்றார்.

சனிக்கிழமை காலை மாமா வெள்ளவத்தைக்குப் போனார். மாமியும் அவரும் மஞ்சள் கூரை டெக்சி ஒன்றில் ஏறினார்கள். மாமாவின் மடியில் டின். காலி வீதித் தடையில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் குனிந்து பார்த்து, என்ன இது, திற என்றான். மாமா திறக்கத்தான் போயிருக்கிறார். மாமி அவர் கையைத் தட்டிவிட்டு, திறக்கமுடியாது என்று ஆங்கிலத்தில் அதட்டியிருக்கிறார். சிப்பாய் டின்னைப் பிடுங்கினான். கனமான டின், சுற்றிவரத் துணி, துணிமேல் மெழுகு, உள்ளேயிருந்து ஸ்பிரிட் வாசம். மாமி பதறி, இந்தமுறை அவனுக்கு விளங்கவேண்டும் என்று சிங்களத்தில் கத்தினார்: ஆட்டவேண்டாம், கவனம், கீழே வைக்கவேண்டாம்.

துண்டு உதிர்ந்துவிடுமே என்ற பயம் அவருக்கு. குண்டு வெடித்த நகரத்தில், மெழுகால் ஒட்டிய டின்னை வைத்துக்கொண்டு ஒரு சிப்பாயிடம் ஆட்டாதே என்று கத்துகிற புத்தி வேறெந்தக் குடும்பத்துக்கு வரும், சொல்லுங்கள்.

சிப்பாய்கள் எல்லாரும் பின்வாங்கி ஓடினார்கள். மாமாவை இழுத்துத் தார்வீதியில் குப்புறப் போட்டார்கள். டின்னை மணல்மூட்டைக்கு அப்பால் வைத்து, கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துத் திறந்தார்கள். மூடி ஒரு பக்கம், டின் ஒரு பக்கம் போனது. பூட்டித் துண்டு வீதியில் சிதறியது. கடற்கரைக் காகங்கள் வந்து தின்னத் தொடங்கின. குண்டில்லை, கேக் என்று தெரிந்ததும் ஓரிருவர் சிரித்தார்களாம். ஆனால் மாமாவிடம் அட்டையைக் கேட்டார்கள். கடை முதலாளியின் கடிதத்தை நீட்டினார். அது போதவில்லை.

மாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது கையில் டின்னின் மூடி இருந்தது. முகமில்லாத அரசரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்று விம்மினார். பெரியப்பா ஓடிப்போய்த் தாங்கினார். அம்மா டெக்சியின் மற்றக் கதவைப் பார்த்தபடி நின்றார். அது திறக்கவில்லை.

"தம்பி எங்க?" என்றார்.

மாமி மூடியை இன்னும் இறுக்கிக்கொண்டார். டெக்சிக்காரர் சிங்களவர், வயதானவர். அவர்தான் இறங்கி வந்து தெரிந்த தமிழில் சொன்னார். "மல்லிய, தம்பிய, பொலிஸ் கொண்டுபோனது. இது யார் எண்டு நோனாட்ட, இந்த அம்மாட்ட, கேட்டது. நோனா சொன்னது, வேலைக்கு வந்த ஆள், தெரியாது எண்டு." சொல்லிவிட்டு மாமியைப் பார்க்காமல், எந்தப் பொலிஸ் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். காசை வாங்காமல் போய்விட்டார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் செபமாலை சொன்னார்கள். மாமாவுக்காக என்று நினைக்காதீர்கள். அறிந்த தெரிந்தவர்கள் வந்து செத்த வீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள். மூடியை மேசையில் வைத்து இரண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்தியிருந்தது. "யப்பான்காரன் குண்டு போட்டபோதே தப்பின துண்டு" என்று பெரியப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். வெட்டி வைத்த பிளம்ஸும் கஜுவும் மேசை ஓரத்தில் மூடிக் கிடந்தன. பூட்டித் துண்டு இல்லாமல் குழைப்பதா விடுவதா என்று பெரிய விவாதம் நடந்தது. பொலிஸில் ஒருவன் கிடக்கிறான் என்று யாரும் வாய் திறக்கவில்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்து மாமா எப்போது வருவார் என்று கேட்டேன். "பாப்பம்" என்றார்.

மறுநாள் பூசைக்குப் போகாமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனார். முதலில் உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றோம். கடைசியில் ஒருவர் வந்து, அட்டையில்லாத ஆளைச் சும்மா விடமுடியாது, நாளை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், தெரிந்த பெரிய ஆள் யாராவது வந்து பொறுப்பெடுத்தால் பார்க்கலாம் என்றார். வேறிடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, என் கையை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

தெரிந்த பெரிய ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஒரு பெரிய பொலிஸ் அதிகாரிக்கு வருடா வருடம் நத்தார்க் கேக் பெட்டி கட்டி அனுப்புகிறவர் பெரியப்பா. "ஒரு டெலிபோன் கோல் எடுத்தால் போதும்" என்று எந்நேரமும் சொல்லுவார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா நேரே வீட்டுக்குப் போகவில்லை. பேக்கரிக்குள் நுழைந்து கறுப்புக் கேக்கில் ஒரு துண்டு கேட்டார். நானாவுக்கு ஆச்சரியம். "ஒங்கட ஊட்டுக் கேக்கத்தானே ஊரே பேசுது. எங்கட கேக் என்னத்துக்கு?" என்று கேட்டார். "பிள்ளைக்கு ஆசையாம்" என்றார் அம்மா. எனக்கு வாயெல்லாம் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தால் குசினிக்குள் போய், கேக்கின் மேலிருந்த ஐசிங்கைக் கத்தியால் சுரண்டி என் வாயில் போட்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சத்தைக் கோப்பையில் வைத்து அப்பாவின் சாராயத்தில் கொஞ்சமும் கடும் தேயிலைச் சாயத் தண்ணீரும் ஊற்றினார். ஊறியதும் பிழிந்து, அடுப்பின் சூட்டில் காயவைத்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்தார். நான் ஏனென்று கேட்டேன். "வாய மூடிட்டு இரு" என்றார்.

அதன் பிறகுதான் முன்னறைக்குப் போனார். முதலில் பெரியப்பாவிடம் ஒழுங்காகவே கேட்டார். ஒரு கோல் எடுங்கோ, நாளைக்கு அனுப்பிடுவாங்களாம் என்று. மனிதனாக நடப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவசரப்படக்கூடாது. இப்ப நான் கேட்டால் எனக்கும் அவனுக்கும் என்ன தொடர்பெண்டு கேப்பாங்கள். எங்கட பேர் இதுக்குள்ள வரத் தேவையில்லை. நத்தார் முடியட்டும்."

மாமி சாய்மனைக் கதிரையில் நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்தார். "உம்மட தம்பி டின்னை இறுக்கிப் பிடிச்சிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது" என்று கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

சாப்பாடு ஆயத்தம் என்று சொல்வதைப்போல அம்மா சொன்னார். "போன வருசக் கேக்கில ஒரு துண்டு தம்பியிட்ட இருக்கு."

மாமியின் நெற்றித் துணி கீழே விழுந்தது.

"நான் குடுத்தனான். வைச்சிருந்தால் நல்லதெண்டு பிராந்தி ஊத்திப் பத்திரமா வைச்சிருக்கிறான். அறையில, டிரங்குப் பெட்டிக்குள்ள. பெட்டிப் பூட்டின்ட திறப்பு அவன்ட இடுப்பில."

"அதே மாவே?" என்றார் மாமி.

"டின்னுக்குள்ள போன துண்டுக்குப் பக்கத்துத் துண்டு. ஒரே தட்டில வெந்தது."

"பெட்டியை உடைக்கேலாதோ?"

"கூட இருக்கிற பெடியன்கள் விடமாட்டாங்கள். அவன் வரவேணும்."

பெரியப்பா எழுந்துவிட்டார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தொலைபேசியில் அதிகாரியோடு கதைக்கும் குரல் வாசல்வரை கேட்டது. "என்ட தம்பியின்ட மச்சான், எனக்குப் பிள்ளை மாதிரி" என்றார். பிறகு வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, டெக்சி பிடித்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் தொடர்பில்லாதவன், இப்போது பிள்ளையாகிவிட்டான். அம்மாவும் நானும் பின்னாசனத்தில் ஏறிக்கொண்டோம்.

பெரியப்பா உள்ளே போனார். வெயில் சாய்வதற்குள் மாமாவோடு வெளியே வந்தார். மாமாவின் சட்டையில் பொத்தான் ஒன்றுமில்லை. இடது காதிலிருந்து கழுத்துவரை இரத்தம் காய்ந்திருந்தது. அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வேறு பக்கம் பார்த்தார். மறுபடி கூப்பிட்டபோது தலையை முழுக்கத் திருப்பி மற்றக் காதைக் காட்டினார். பெரியப்பா அவர் தோளில் கைவைத்து முதன்முதலாகக் கேட்டது இது: "திறப்பு பத்திரமா இருக்கே?"

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "இருக்கு, அவன்டதான் இருக்கு" என்று சொல்லி அவரை டெக்சிக்குள் தள்ளினார்.

ஜிந்துப்பிட்டியில் அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் பெரியப்பா கீழேயே நின்றுகொண்டார். ஊத்தை, வாசம், கொடியில் யாரோ காயப்போட்ட சாரங்கள். அவருடைய சப்பாத்து அதில் ஏறாது என்று அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேரும் மேலே போனோம். அறையில் அன்று யாரும் இல்லை.

அம்மா கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். "போன வருசம் குடுத்த கேக்குன்னு சொல்லிருக்கேன். நீ பத்தரமா வச்சிருந்தியாம்."

மாமா வலது காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார். "அத அன்னைக்கே தின்னுட்டேனேக்கா."

"தின்னது எனக்குத் தெரியாதா? இது நானா கடக் கேக்கு."

மாமா பொட்டலத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. இதுக்குத்தான் வந்தாங்களா என்று மட்டும் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை நனைத்து அவர் கழுத்து இரத்தத்தைத் துடைத்தார். துடைக்கும்போது அம்மா அழுதார். சத்தமில்லை, கண்ணால் வழிந்துகொண்டே இருந்தது. கீழேயிருந்து பெரியப்பா, "கிடைச்சுதே?" என்று கத்தினார். "கிடைச்சுது" என்று அம்மா யன்னலால் குரல் கொடுத்தார். குரலில் அழுகையே இல்லை.

மறுநாளே கேக் குழைத்தார்கள். எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மாமி குளித்து, முக்காடு போட்டு, சிலுவை அடையாளம் போட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். கறுத்த துண்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். மணத்திலேயே கண்டுபிடிப்பேன் என்றவர் அல்லவா. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

மாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "அதே வாசம்" என்றார். "பூட்டியின்ட அதே வாசம்."

பெரியப்பா கைக்குட்டையை எடுத்தார். ஒவ்வொருவராக மூக்கை நீட்டி மணந்து, ஓம், அதேதான் என்று தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார், தன்னுடைய சாராயத்தை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று பெரியம்மா சொன்னார்.

மாமா பின்வளவில் கவிழ்த்த வாளிமேல் இருந்தார். காதுக்குள் பஞ்சு. பக்கத்து வீட்டு வானொலி பாடிக்கொண்டிருந்தது. நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இது என்ன படம் என்று கேட்டேன். "சரியா கேக்கல புள்ள" என்றார். அவரை உள்ளே வரும்படி யாரும் கூப்பிடவில்லை. அந்த வருடக் கேக்கில் பெரிய பெட்டி பொலிஸ் அதிகாரிக்குப் போனது. மாமாவுக்கு ஒரு துண்டு கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அம்மா தன் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பெரியப்பா, மாமி, அப்பா எல்லாரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் டொரன்டோ, லண்டன், மெல்பேர்ண் என்று சிதறிவிட்டார்கள். போகும்போது ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கொண்டுபோனார்கள். இப்போது மூன்று நாட்டில் மூன்று டின். மாமியின் பேத்தி போன வருடம் ஒரு வீடியோ போட்டிருந்தாள். கலவரமும் போரும் அழிக்கமுடியாத கேக்காம். அதில் பெரியப்பா துணிந்து பொலிசுக்குப் போய்ப் பாரம்பரியத்தை மீட்கிறார். மாமாவும் வருகிறார், 'வீட்டு வேலையாள் ஒருவரின் உதவியோடு' என்று. ஆயிரக்கணக்கானோர் இதயம் போட்டிருந்தார்கள். நான் பார்த்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தேன். அவளுக்கு உண்மையைச் சொல்லவேண்டுமா என்று அம்மா சாகுமுன் அவரிடம் ஒருதரம் கேட்டிருக்கிறேன், அப்போது அவள் சின்னப் பிள்ளை. "எதுக்கு? நானா கேக்குத்தானே, நல்லாத்தான் இருக்கும். தின்னட்டும்" என்றார் அம்மா.

டொரன்டோவிலிருந்து எனக்கும் வருடா வருடம் ஒரு துண்டு வரும், பொன்னிறக் கடதாசியில், பூட்டியின் படத்தோடு. அதை எடுத்துக்கொண்டு, இப்போது நான் இருக்கும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வத்தளைக்குப் போவேன். மாமா அங்கே மகளோடு இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. முற்றத்தில் கதிரை போட்டிருப்பார். நான் அவருடைய வலது பக்கத்தில் இருப்பேன், இடது காது அன்றிலிருந்து கேட்பதில்லை.

போன நத்தாருக்கும் போனேன். கடதாசியைப் பிரித்துத் துண்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். மாமியின் குரலை அப்படியே எடுத்து, "அதே வாசம்" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். எனக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு அதை மதில்மேல் உதிர்த்துப் போட்டார். முதலில் ஒரு காகம் வந்தது, அடுத்து ஐந்தாறு. ஒரு வாய் தின்று பார்க்கலாமே மாமா, அம்மாவின் கேக்தானே என்றேன்.

அவர் காகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுங்க தின்னட்டும் புள்ள. அன்னைக்கு ரோட்டுல மொகத்த வச்சுப் படுத்திருந்தப்ப பக்கத்துலயே வந்து தின்னுச்சுங்க. பாதியில வெரட்டிட்டாங்க."